மேற்பரப்பும் உள்ளடுக்கும்: கார் இருக்கைகளின் நூறாண்டு வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வர்கள் வாங்கிய பெரிய கார்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுநர் அமரும் முன்பகுதி பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அங்கே தோல் இருக்கை போடுவார்கள். உரிமையாளர் அமரும் பின்பகுதி கண்ணாடிக் கதவுகள் வைத்து மூடிய அறை. அங்கே மென்மையான கம்பளித் துணி. இன்று தோல் இருக்கை வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்டுகிறோம். அன்று தோல் சம்பளக்காரரின் இருக்கைக்கு உரியதாக இருந்தது. குதிரைவண்டிகளைக் கட்டிப் பழகிய பட்டறைக்காரர்களுக்கு இதற்கான காரணம் தெளிவாகத் தெரியும். மழையும் சேறும் படும் இடத்தில் துணி நிற்காது, எண்ணெய் ஊட்டிய தோல் நிற்கும். மழை படாத இடத்தில் துணியே சுகம்: குளிரில் சில்லிடாது, கோடையில் ஒட்டாது. எது உயர்ந்தது என்று அவர்கள் கேட்கவில்லை; எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டார்கள்.

கார் உட்புறம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கு அந்தப் பட்டறைகளின் அணுகுமுறையே சரியான விடை என்பது என் வாதம். பொருளின் தரம் அதன் பெயரிலோ விலையிலோ இல்லை. அது எவ்வளவு வெப்பத்தையும் வெளிச்சத்தையும் வியர்வையையும் உரசலையும் தாங்க வேண்டும், அதன் அடியில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது. கடந்த நூறாண்டில் தோற்றுப்போன உட்புறங்களைப் பார்த்தால், பெரும்பாலும் முதலில் தோற்றது நாம் கைவைத்துத் தடவிப் பார்த்து வாங்கும் மேற்பரப்பு அல்ல. தையல் நூல், நுரை, பசை, நெகிழ்வூட்டும் எண்ணெய், மேற்பூச்சு என்று கண்ணில் படாத ஒன்றுதான் முதலில் விட்டுக்கொடுத்தது. மேற்பரப்பின் சிதைவு அதன் பின்விளைவு.

குதிரைவண்டிக் காலத்திலிருந்து காருக்கு வந்த இருக்கை பல அடுக்குகளால் ஆனது. அடியில் மரச்சட்டம், அதன் மேல் பட்டை நாடாக்கள், சுருள் ஸ்பிரிங்குகள், சாக்குத் துணி, குதிரைமயிர் திணிப்பு, பஞ்சு விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தோலோ துணியோ. மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறிப் பதமான தடித்த தோல், பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். குதிரைமயிரும் அப்படித்தான், எத்தனை முறை அமுங்கினாலும் எழும்பும், காற்று உள்ளே போய்வர வழிவிடும். ஆனால் தோலைத் தைத்த நூல் பருத்தி. ஈரத்திலும் வியர்வையிலும் முதலில் இற்றுப்போனது அந்த நூல்தான். ஆணிகள் துருப்பிடித்துத் துணியை அரித்தன, சாக்கு மக்கியது. தோல் நன்றாக இருக்கும்போதே இருக்கை பிரிந்துபோனது. ஒரே ஆறுதல், எந்த அடுக்கையும் பிரித்து மாற்ற முடிந்தது. நூலை மாற்றித் தைத்து, திணிப்பை உதறிப் போட்டால் இருக்கை மறுபடி எழுந்துவிடும். பழைய உட்புறங்களின் நீண்ட ஆயுளில் பாதி பொருளின் வலிமையால் வந்தது. மறுபாதி இந்தப் பழுதுபார்க்கும் வசதியால் வந்தது.

கார் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகத் தொடங்கியதும் தோல் போதவில்லை, விலையும் ஏறியது. அதன் இடத்தைப் பிடிக்க வந்தது பூசிய துணி. பருத்தித் துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலை அடுக்கடுக்காகப் பூசி, தோலின் வரிகளை அச்சாக அழுத்தி எடுத்தார்கள். பூச்சு விறைத்துப்போகாமல் இருக்க அதில் ஆமணக்கு எண்ணெய் கலந்தார்கள். அமெரிக்காவில் ஃபேப்ரிகாய்டு என்ற பெயரிலும், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைடு ஊரில் ரெக்சின் என்ற பெயரிலும் இது தயாரானது. புதிதாக இருக்கும்போது நல்ல தோலிலிருந்து இதைப் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் ஆமணக்கு எண்ணெய் மெல்ல மெல்ல வெளியேறும் அல்லது கெட்டுப்போகும். அதன் பிறகு பூச்சு மடிப்புகளில் வெடிக்கும், உதிரும். நைட்ரோசெல்லுலோஸும் காலப்போக்கில் சிதைந்து அமிலத்தை வெளியிடும். அந்த அமிலம் அடியில் உள்ள பருத்தியை அரிக்கும். செயற்கைப் பொருட்களின் நீண்ட வரலாற்றில் மறுபடி மறுபடி வரப்போகும் ஒரு விதி இங்கேயே எழுதப்பட்டுவிட்டது: மென்மை தரும் பொருள் வெளியேறும் வேகமே அந்த உறையின் ஆயுள்.

இந்தப் பொருள் கார்களுக்குள் பரவியதற்கு அதன் தகுதி மட்டும் காரணமல்ல. டூபான்ட் நிறுவனம் 1910இல் ஃபேப்ரிகாய்டு நிறுவனத்தை வாங்கியது. 1917 தொடங்கி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பெரும் முதலீடு செய்து, இரண்டே ஆண்டுகளில் சுமார் 23 சதவீதப் பங்குகளைக் கையில் வைத்திருந்தது. அந்த முதலீட்டைப் பரிந்துரைத்த அறிக்கையிலேயே, கார் நிறுவனத்தின் பூசிய துணி, செல்லுலாய்டு, வண்ணப்பூச்சு வணிகம் தங்களுக்குக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு எழுதப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1957இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தப் பங்குடைமை போட்டியைக் கெடுத்தது என்று தீர்ப்பளித்தது. வண்ணப்பூச்சும் துணியும் அந்த வழக்கின் மையப் பொருட்கள். நம் இருக்கையில் எது விரிக்கப்படுகிறது என்பது எது நெடுநாள் உழைக்கும் என்ற ஆராய்ச்சியால் மட்டும் முடிவாவதில்லை. யார் யாருக்கு விற்கிறார்கள் என்பதும் முடிவு செய்கிறது. இதற்கு நீதிமன்றப் பதிவேடே சான்று.

அதற்கிடையில் காரின் வடிவமே மாறியது. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் மூடிய கூண்டு கொண்டவை சுமார் 10 சதவீதமே; 1927இல் அது 85 சதவீதமானது. எட்டே ஆண்டுகளில் மழையும் புழுதியும் உட்புறத்தின் முதல் எதிரிகள் என்ற நிலை போனது. துணி முன்னிருக்கைக்கும் வந்தது. அங்கோரா ஆட்டின் ரோமத்தில் நெய்த மொஹேர் துணி, ரயில்பெட்டிகளில் உரசலைத் தாங்கிப் பெயர் வாங்கியது. அது கார்களிலும் புகழ்பெற்றது. அதன் எதிரி உரசல் அல்ல, பூச்சி. ஆனால் மூடிய கூண்டு புதிய எதிரி ஒன்றை உள்ளே அழைத்துவந்தது. கண்ணாடி வழியே வெளிச்சம் நுழைகிறது. உள்ளே வெப்பமாக மாறி வெளியேற வழியின்றித் தேங்குகிறது. 2018இல் வெளியான அரிசோனா ஆய்வொன்றில், கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் சூடானது. ஸ்டீயரிங் 53 டிகிரி, இருக்கை 51 டிகிரி. நிழலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு 48 டிகிரியோடு நின்றது. ஒரே காருக்குள் இருக்கை ஒரு தட்பவெப்பத்திலும் டேஷ்போர்டு வேறொரு தட்பவெப்பத்திலும் வாழ்கின்றன. இரண்டுக்கும் ஒரே பொருளைப் போர்த்தினால் ஒன்று முந்திச் சாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்களை நிறைத்த பி.வி.சி. இந்தச் சோதனைக்குள்தான் நுழைந்தது. 1926இல் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், விறைப்பான பி.வி.சி.யை எண்ணெய் போன்ற சேர்மங்களோடு சூடாக்கி ரப்பர் போல் வளையச் செய்தார். தண்ணீர் புகாது, கறை படியாது, எந்த நிறமும் ஏற்கும், தோலின் விலையில் ஒரு சிறு பங்கு. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை அது ஓரிரு பத்தாண்டுகளில் ஓரங்கட்டியது. ஆனால் பழைய விதி போகவில்லை. பி.வி.சி.யின் மென்மை, அதில் கரைந்திருக்கும் தாலேட் எண்ணெய்களால் வருவது. அவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொண்டவை அல்ல. சூட்டில் ஆவியாகின்றன, பக்கத்தில் உள்ள நுரைக்கும் நகர்கின்றன. புதுக் காரின் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் மங்கலான படலத்தில் இந்த எண்ணெய்க்குப் பெரும் பங்குண்டு. அந்தப் படிவை அளக்க ஜெர்மனியில் தனித் தரநிலையே வகுக்க வேண்டியிருந்தது. புதுக் கார் வாசனை என்று நாம் விரும்பி நுகர்வதும், உட்புறப் பொருட்களிலிருந்து ஆவியாகி வெளியேறும் கரைப்பான்களும் சேர்மங்களும் கலந்த மணமே. எண்ணெய் போன பி.வி.சி. சுருங்குகிறது, விறைக்கிறது, கடைசியில் வெடிக்கிறது.

இதைப் படித்துவிட்டு பி.வி.சி. மட்டமான பொருள் என்று முடிவுகட்டினால் தவறாகும். மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களில் 1960களிலிருந்து வந்த எம்.பி.டெக்ஸ் உறையும் அடிப்படையில் பி.வி.சி.தான். ஜெர்மனியில் டாக்சிகளாக ஓடிய கார்களில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் கிழியாமல் இருந்ததாக அந்த உறைக்குப் பெயர் உண்டு. அங்கே படலம் தடிப்பானது. அடியில் வலுவான துணி. அதற்கும் அடியில் பழைய முறைப்படி ஸ்பிரிங்கும், ரப்பர் பால் தெளித்து இறுக்கிய மயிரும் தேங்காய் நாரும் சேர்ந்த மெத்தையும். மெத்தை குழி விழாததால் உறை தொய்ந்து மடியவில்லை, மடியாததால் வெடிக்கவில்லை. அதே பி.வி.சி. மெல்லிய படலமாக, மலிவான எண்ணெய் ஊட்டப்பட்டு, சீக்கிரம் அமுங்கிப்போகும் நுரையின் மேல் விரிக்கப்பட்டபோது சில கோடைகளுக்குள் விரிசல் விட்டது. எளிதில் ஆவியாகாத டிரைமெலிட்டேட் வகை எண்ணெய்களை டேஷ்போர்டு உறைகளுக்குத் தேர்ந்தெடுத்தபோது அதன் ஆயுள் கூடியது. பெயர் ஒன்றுதான், தரம் வேறு. அந்த வேறுபாட்டைக் கடையில் நின்று தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

உள்ளடுக்கின் கதையில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது பாதுகாப்புச் சட்டம். விபத்தில் தலை மோதி உயிர்போகக் காரணமாக இருந்த இரும்பு டேஷ்போர்டுகளுக்கு மெத்தை போர்த்தும் விதிகள் அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. இரும்பின் இடத்தில் பாலியூரித்தேன் நுரையும் அதன் மேல் பி.வி.சி. தோலும் வந்தன. எத்தனையோ உயிர்களைக் காத்த இந்த மாற்றத்தைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் வெயிலில் நுரை ஒரு விதமாகவும் தோல் வேறு விதமாகவும் சுருங்கின. நுரையிலிருந்து கசிந்த அமீன்கள் என்ற சேர்மங்கள் பி.வி.சி.யின் நிறத்தைக் கெடுத்தன. 1970களின் கார்களில் டேஷ்போர்டு நெடுக ஓடும் விரிசல்கள் இந்தப் பொருத்தமின்மையின் தழும்புகள். கூரையிலும் இதே கதை. முன்பு கம்பி வளைவுகளில் துணியைத் தைத்துத் தொங்கவிட்டார்கள், நெடுநாள் நின்றது. பின்னர் உற்பத்தியை விரைவுபடுத்த, மெல்லிய நுரை ஒட்டிய துணியை அட்டை அச்சில் பசையிட்டு ஒட்டினார்கள். சூட்டில் நுரை பொடியானது. பசை பிடிக்க ஒன்றுமில்லாமல் கூரைத்துணி தலையில் தொங்கியது. இரண்டு இடத்திலும் கண்ணில் பட்ட பொருள் நன்றாகவே இருந்தது. அதைத் தாங்கிய அடுக்குதான் கைவிட்டது.

பொருளை அது வாழும் சூழலோடு பொருத்திப் பார்த்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, பாலியெஸ்டரின் வெற்றி. உரசலில் நைலான்தான் வலிமை மிக்கது. அதனால் கார்த் துணிகளில் அது முதலில் செல்வாக்குப் பெற்றது. ஆனால் வெளிச்சத்தில் நைலானின் வலு குன்றுகிறது. பாலியெஸ்டரைச் சிதைப்பது பெரும்பாலும் குறுகிய அலைநீளப் புற ஊதாக்கதிர். அந்தக் கதிரைக் கார்க் கண்ணாடியே பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் பாலியெஸ்டர் வெளியில் இருப்பதைவிட மிக நீண்ட காலம் உழைக்கிறது. சோதனைக்கூடத்தில் உரசலை மட்டும் அளந்திருந்தால் நைலான் வென்றிருக்கும். உரசல், வெளிச்சம், கண்ணாடி மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால் பாலியெஸ்டர் வென்றது. இன்று உலகில் கார் இருக்கைத் துணிகளில் மிகப் பெரும்பாலானவை அதுவே. விலையில் எளிய துணி, தகுதியில் பல உயர்ந்த பொருட்களை மிஞ்சியது.

தோலின் கதையும் இதைத்தான் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் உருவான குரோம் பதனிடும் முறை, மாதங்களில் முடிந்த வேலையை நாட்களுக்குச் சுருக்கியது. மரப்பட்டையில் பதமிட்ட தோல் ஈரச் சூட்டில் சுமார் 75 முதல் 85 டிகிரியில் சுருங்கத் தொடங்கும். குரோம் தோல் 100 டிகிரியைத் தாங்கும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டுக் கப்பலேற்றிய தமிழகத்துக்கும் அந்த முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. சென்னையின் குரோம்பேட்டை அந்தத் தொழிலால் பெயர்பெற்ற ஊர். ஆனால் குரோம் தோலையும் எல்லா இடத்துக்கும் நல்லது என்று சொல்ல முடியவில்லை. உலர்ந்த கடும் வெப்பத்தில் அது சுருங்குவதால், காற்றுப்பை பொதிந்த டேஷ்போர்டுகளுக்குக் குரோம் இல்லாத பதனிடல் முறைகளை நாட வேண்டியிருந்தது. மேலும் இன்றைய கார்த் தோலில் கை படுவது பெரும்பாலும் தோலில் அல்ல, அதன் மேல் பூசிய நிறமிட்ட பாலியூரித்தேன் படலத்தில். ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் நிறம் போய்த் தெரியும் தேய்வு அந்தப் படலத்தின் தேய்வு. பூச்சு நன்றாக இருந்தால் சுமாரான தோலும் உழைக்கும். பூச்சு மோசமானால் அருமையான தோலும் அழுக்கேறி வெடிக்கும்.

விலை கூடக்கூடத் தரமும் ஆயுளும் கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஓரளவு உண்மை; தடித்த துணிக்கும், பொருள் சிதையாமல் காக்கும் நல்ல நிலைப்படுத்திக்கும் பணம் செலவாகும். ஆனால் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 1990களில் விலையுயர்ந்த பல ஐரோப்பியக் கார்களில் பொத்தான்களுக்கும் கைப்பிடிகளுக்கும் வெல்வெட் போன்ற தொடுவுணர்வு தரும் மென்பூச்சு பூசினார்கள். அந்தப் பாலியூரித்தேன் பூச்சைக் காற்றின் ஈரப்பதம் மெல்லச் சிதைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. உலகின் மிக விலையுயர்ந்த இத்தாலியக் கார்களும் இதற்குத் தப்பவில்லை. அதே காலத்து மலிவான கார்களின் பூச்சில்லாத கெட்டிப் பிளாஸ்டிக் பொத்தான்கள் இன்றும் வேலை செய்கின்றன. விற்பனைக்கூடத்தில் முதல் ஐந்து நிமிடம் விரலை மகிழ்விக்கச் செலவிட்ட பணம் ஆயுளைக் கூட்டவில்லை, குறைத்தது.

எல்லாம் பராமரிப்பில்தான் இருக்கிறது, பொருளைக் குறைசொல்லிப் பயனில்லை என்பது அடுத்த வாதம். நிழலில் நிறுத்துவதால் டேஷ்போர்டின் சூடு 20 டிகிரிக்கு மேல் குறையும் என்று மேலே சொன்ன அளவீடே காட்டுகிறது. ஆகவே பராமரிப்புக்கு மதிப்புண்டு. ஆனால் பராமரிப்பு எட்டுவது மேற்பரப்பை மட்டும்தான். எந்தத் தைலத்தைத் தேய்த்தாலும் போன தாலேட் திரும்பி உள்ளே போகாது. கூரையின் உட்பக்க நுரையைத் துடைக்க எவருக்கும் கை எட்டாது. பழைய கார்கள்தான் உழைத்தன, புதியவை எல்லாம் போலி என்ற ஏக்கத்தையும் நான் ஏற்கவில்லை. இன்று கண்காட்சிகளில் நாம் பார்ப்பவை பிழைத்து நின்றவை. நூல் இற்று, பூச்சு உதிர்ந்து, செல்லுலாய்டுச் சாளரம் மஞ்சளித்து உடைந்த எண்ணற்றவை எப்போதோ கழித்துக்கட்டப்பட்டன. பருத்தி நூலுக்குப் பதில் பாலியெஸ்டர் நூல் வந்ததே பெரிய முன்னேற்றம். நாம் இழந்தது பொருளின் வலிமையை அல்ல, பிரித்துச் சரிசெய்யும் வசதியை. ஒட்டியும் வார்த்தும் ஒன்றாக்கிய அடுக்குகளில் ஒன்று போனால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது.

ஐந்தாறு ஆண்டில் காரை மாற்றிவிடுபவர்களுக்கு இருபதாண்டு உழைக்கும் இருக்கை எதற்கு என்ற கேள்வியும் எழும். முதல் உரிமையாளர் விற்றதோடு காரின் வாழ்க்கை முடிவதில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது இப்போது 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அப்படியானால் கணிசமான கார்கள் பதினைந்து, இருபது ஆண்டு ஓடுகின்றன. அவற்றின் பிற்பாதியில் அமர்பவர்கள் இரண்டாம், மூன்றாம் கை வாங்கியவர்கள், பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்கள். பொருளில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயின் சுமை அவர்கள் தலையில் இறங்குகிறது. கழிக்கப்படும் நுரையும் பி.வி.சி.யும் துணியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வதும் எளிதல்ல. உழைக்காத உட்புறம் தனிமனிதரின் எரிச்சலோடு நிற்பதில்லை, ஊருக்கே குப்பையாகிறது.

இயந்திரத்தின் ஆற்றலையும் எரிபொருள் செலவையும் எண்களில் அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள், உட்புறத்தைப் பற்றி மட்டும் பிரீமியம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றன. துணியின் உரசல் சோதனை, வெளிச்சத்தில் நிறம் நிற்கும் அளவு, உறைக்கடியில் உள்ள நுரையின் அடர்த்தி எல்லாவற்றையும் அவை அளந்து வைத்திருக்கின்றன. உதிரி செய்து தருபவர்களிடம் அந்த எண்களைக் கேட்டுத்தான் வாங்குகின்றன. வாங்குபவருக்கு மட்டும் அவற்றைச் சொல்வதில்லை. அவற்றை விளக்கக் கையேட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டம் கேட்க வேண்டும். அதுவரை, கார் வாங்கப் போகிறவர்கள் இருக்கையைத் தடவிப் பார்ப்பதோடு நிற்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த உறைக்கு அடியில் என்ன இருக்கிறது, இது எத்தனை டிகிரி வெயிலுக்குச் சோதிக்கப்பட்டது, இந்த ஒரு பகுதி மட்டும் பழுதானால் தனியாக மாற்ற முடியுமா? பதில் சொல்ல முடியாத விற்பனையாளர் தோல் என்று சொன்னாலும் துணி என்று சொன்னாலும், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.